வாசலில் மீட்டர், தொலைவில் வீடு: நீண்ட சர்வீஸ் கேபிளின் கோளாறுகளை அறிகுறி வழியாகக் கண்டுபிடித்தல்

தோப்புக்கு நடுவிலோ மனையின் பின்கோடியிலோ வீடு கட்டினால், மீட்டர் பெட்டி பெரும்பாலும் வாசல் தூணிலோ சுற்றுச்சுவரிலோ வந்து உட்கார்ந்துவிடும். அங்கிருந்து வீட்டு டி.பி. (மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரை ஓடும் கேபிள் வீட்டுக்காரரின் பொறுப்பு. அது 40 மீட்டர் இருக்கலாம், 100 மீட்டரும் இருக்கலாம். அறைக்கு ஒரு எம்.சி.பி. (அளவு மீறினால் தானாக அறுக்கும் ஸ்விட்ச்) என்று பார்த்துப் பார்த்து டி.பி. அமைப்பவர்கள்கூட இந்தக் கேபிளுக்கென்று வாசலில் எதுவும் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமப்புற வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இதுதான். என்னைக் கவலைப்படுத்தும் குறையும் இதுதான்.

காரணம் எளிது. வீட்டு டி.பி.யில் இருக்கும் எம்.சி.பி., வீட்டுக்குள் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அறுத்துவிடும். அந்த வகையில் வாசல் கேபிளையும் அதிகச் சுமையிலிருந்து காக்கிறது. ஆனால் வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் மண்வெட்டி கேபிளில் இறங்கினால் அதற்கு எதுவுமே தெரியாது. ஷார்ட்டிலிருந்து கேபிளைக் காக்க வேண்டிய கருவி, கேபிள் தொடங்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே ஒன்றை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. கேபிளின் நீளத்துக்கு அது ஏற்றதாகவும் இருக்க வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் சில இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒருமுனை இணைப்பு, 60 மீட்டர் தூரம், 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள், ஒரு எச்.பி. மோட்டார், தண்ணீர் ஹீட்டர், ஒரு ஏசி.

தேவையான கருவிகள்: இரண்டு மல்டிமீட்டர், ஒரு டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியரை அளப்பது), 500 வோல்ட் மெகர் (கேபிள் தோலின் காப்பை அளப்பது). மீட்டருக்கு முன்னால் உள்ள பியூஸ் கட்-அவுட்டும் சீல் வைத்த பகுதியும் மின்வாரியத்துக்கு உரியவை. அவற்றைத் தொட வேண்டாம். அங்கே கோளாறு என்று தெரிந்தால் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள், அல்லது மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதியுங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கும் வேலைகளை உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்யட்டும். நீங்கள் அருகில் நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் போட்டதும் விளக்கு மங்குகிறது, ஏசி திணறுகிறது

மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம்: மின்வாரியத்தின் லைன், உங்கள் கேபிளின் கனம், நடுவில் உள்ள ஏதோ ஒரு ஜாயின்ட். மூன்றையும் பிரித்தறியாமல் ஸ்டெபிலைசர் வாங்குவது வீண். ஸ்டெபிலைசர் வோல்டேஜை உயர்த்திக் கொடுப்பதற்காகக் கேபிளிலிருந்து இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். கேபிளில் விழும் வோல்டேஜும் சூடும் அதனால் கூடத்தான் செய்யும்.

இப்படிச் சோதியுங்கள். வாசலில் மீட்டரின் வெளிமுனையில் ஒரு மல்டிமீட்டர், வீட்டு மெயினில் இன்னொன்று. வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2 கிலோவாட் ஹீட்டரை மட்டும் போட்டு மறுபடி குறியுங்கள். டாங் டெஸ்டரில் ஆம்பியரையும் பாருங்கள். லைன் வோல்டேஜ் தானாகவே ஏறி இறங்கும் என்பதால் சில முறை திரும்பச் செய்து, ஒத்துவரும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் சுமை இல்லாதபோது இரண்டு பக்கமும் 228 வோல்ட் காட்டியதாக வைத்துக்கொள்வோம். ஹீட்டர் போட்டதும் வாசலில் 224, வீட்டில் 219, ஓடும் மின்சாரம் 8.3 ஆம்பியர். வாசல் வரை 4 வோல்ட் விழுந்திருக்கிறது; 4-ஐ 8.3-ஆல் வகுத்தால் மின்வாரியப் பக்கத்துத் தடை ஏறக்குறைய 0.48 ஓம். வாசலிலிருந்து வீடு வரை 5 வோல்ட், 5-ஐ 8.3-ஆல் வகுத்தால் 0.6 ஓம்.

இந்த 0.6 சரியான அளவா? 4 சதுர மி.மீ. நெகிழ் செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 4.95 ஓம் வரை தடை இருக்கலாம். போக 60, வர 60, ஆக 120 மீட்டருக்கு 0.594 ஓம். எனவே ஜாயின்ட்டில் குறையில்லை, கேபிள்தான் மெலிது. 20 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட் போய்விடும். கேபிள் சூடேறியபின் 14 வரை போகும். விளக்குக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்ல கணக்கு. 230 வோல்ட்டில் அது 7 வோல்ட்டும் 11.5 வோல்ட்டும். நம் கேபிள் இரண்டையும் தாண்டிவிட்டது. மோட்டார் கிளம்பும் நொடியில் 35 ஆம்பியர் இழுத்தால் 21 வோல்ட் விழும். மாலை நேரத்தில் லைனே 200 வோல்ட்டில் இருந்தால் வீட்டுக்கு வருவது 180-க்கும் கீழே. மோட்டார் உறுமுவதும் கெப்பாசிட்டர் அடிக்கடி போவதும் இதனால்தான்.

இதற்கு மருந்து கனமான கேபிள். 6 சதுர மி.மீ. செம்புக்கு கிலோமீட்டருக்கு 3.3 ஓம், 10 சதுர மி.மீ. செம்புக்கு 1.91 ஓம். 16 சதுர மி.மீ. அலுமினியத்துக்கும் அதே 1.91 ஓம்தான். செம்பு விலையைப் பார்த்து மலைப்பவர்கள் 16 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) கேபிளைத் தயங்காமல் எடுக்கலாம். முனைகளில் மட்டும் கவனம் வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அளந்தபோது 0.6-க்குப் பதில் 1 ஓம் வந்தால் கதை வேறு. கூடுதலாக வந்த அந்த 0.4 ஓம் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. 20 ஆம்பியர் ஓடும்போது அந்த விரலளவு இடத்தில் 160 வாட் சூடு பிறக்கும். கேபிள் மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம். அந்த ஜாயின்ட்டை அன்றைக்கே கண்டுபிடியுங்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல 20, 30 வோல்ட் இறங்கினால் குறை லைனில். அதை மின்வாரியம்தான் சரிசெய்ய வேண்டும்.

ஷார்ட் ஆகியும் வாசல் எம்.சி.பி. உடனே விழவில்லை, கேபிளின் தோல் உருகியிருக்கிறது

வாசலில்தான் எம்.சி.பி. இருக்கிறதே, பிறகு ஏன் உருகியது என்று கேட்பார்கள். நீளம்தான் காரணம். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும் என்பது டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் சரி. 60 மீட்டர் மெல்லிய கேபிளின் கோடியில் சரியில்லை.

மேலே அளந்த எண்களையே எடுங்கள். லைன் பக்கம் 0.48, கேபிள் 0.6, மொத்தம் 1.08 ஓம். 228 வோல்ட்டை அதனால் வகுத்தால், வீட்டு முனையில் ஷார்ட் ஆனபோது பாயக்கூடியது ஏறக்குறைய 210 ஆம்பியர். அவ்வளவுதான். கேபிள் சூடேறச் சூடேற அதுவும் குறையும்.

எம்.சி.பி.யின் முகத்தில் சி32 என்றோ பி25 என்றோ எழுதியிருக்கும். அந்த எழுத்து முக்கியமானது. பி வகை, தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கு மின்சாரம் பாய்ந்தால் கண நேரத்தில் அறுக்கும். சி வகைக்கு 5 முதல் 10 மடங்கு வேண்டும். டி வகைக்கு 10 முதல் 20 மடங்கு. அதற்குக் குறைந்தால், உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளையும்வரை காத்திருக்கும்.

கடையில் எழுத்தைச் சொல்லாமல் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் சி. சி32 உறுதியாக அறுக்க 320 ஆம்பியர் வேண்டும். நம்மிடம் இருப்பது 210. அது 160-க்கும் 320-க்கும் இடையில் விழுகிறது: உடனே அறுக்கலாம், அறுக்காமல் சில வினாடி நிற்கலாம். பி.வி.சி. தோல் போட்ட 4 சதுர மி.மீ. செம்பு 210 ஆம்பியரை எத்தனை நேரம் தாங்கும்? பி.வி.சி. தோல் போட்ட செம்புக்கான கணக்கு எண் 115. அதைக் கேபிளின் கனமான 4-ஆல் பெருக்கினால் 460. அதை 210-ஆல் வகுத்து, கிடைத்ததை அதனாலேயே பெருக்கினால் 4.8 வினாடி. அதற்குள் கம்பி 160 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும், தோல் கெட்டுப்போகும். எம்.சி.பி.க்கும் கேபிளுக்கும் நடுவே யார் முந்துவது என்ற நிலையில் ஒரு வீட்டை விட்டுவைக்கக் கூடாது.

அதே கேபிள் 100 மீட்டர் என்றால் மொத்தத் தடை 1.48 ஓம், பாய்வது 154 ஆம்பியர். சி32-ன் கண நேர அறுப்புக்கான கீழ் எல்லையையே அது எட்டாது.

கேபிளை இப்போது மாற்ற வழியில்லையா? வாசலில் சி32-ஐ எடுத்துவிட்டு டபுள் போல் (மின்சாரம் வரும் பேஸ், திரும்பும் நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும்) பி25 மாட்டுங்கள். அது 125 ஆம்பியரில் உறுதியாக அறுத்துவிடும். மோட்டார் கிளம்பும்போது விழுந்துவிடாதா என்ற பயம் வேண்டாம்: பி25-ன் கீழ் எல்லையே 75 ஆம்பியர், ஒரு எச்.பி. மோட்டார் இழுப்பது 35-ஐ ஒட்டித்தான். ஆனால் வீட்டின் மொத்தச் சுமை 25 ஆம்பியரைத் தாண்டினால் கேபிளையே மாற்ற வேண்டும். 10 சதுர மி.மீ. போட்டால் வீட்டு முனையில் 320 ஆம்பியர் கிடைக்கும். அப்போதும் சி32 விளிம்பில்தான் நிற்கும். பி32 தாராளமாகப் போதும்.

மின்வாரியத்தின் கட்-அவுட்டில் பியூஸ் இருக்கிறதே, அது காக்காதா? அதை நம்ப வேண்டாம். கம்பி கட்டும் பியூஸ் உருகவே தன் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். எந்தக் கனத்தில் கம்பி கட்டியிருக்கிறது என்பதும் உங்கள் கையில் இல்லை. அது அவர்களுடைய லைனுக்கான காவல்.

வீட்டுக்குள் சின்ன ஷார்ட், ஆனால் வாசல் எம்.சி.பி.யும் விழுகிறது

மழையில் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டியிருப்பதால், இதைத்தான் எல்லோரும் முதலில் சரிசெய்யச் சொல்கிறார்கள். பலர் செய்யும் வைத்தியம் ஆபத்தானது: வாசலில் 63 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிடுவது. சி63 உறுதியாக அறுக்க 630 ஆம்பியர் வேண்டும். நம் வீட்டில் 210-தான் உண்டு. விழுவது நின்றுவிடும், காவலும் போய்விடும்.

ஷார்ட்டில் எம்.சி.பி.கள் எல்லாமே கண நேரத்தில் அறுப்பவை. அதனால் வீட்டில் உள்ள 16 ஆம்பியரும் வாசலில் உள்ள 32 ஆம்பியரும் சேர்ந்து விழுவதைத் தடுக்க முடியாது. வாசலில் எம்.சி.பி.க்குப் பதிலாக 32 ஆம்பியர் எச்.ஆர்.சி. (பெரிய ஷார்ட்டையும் அறுக்கவல்ல, மூடிய வகை) பியூஸ் போட்ட மெயின் ஸ்விட்ச் வையுங்கள். 210 ஆம்பியரில் அது ஒரு வினாடிக்குள் உருகும், கேபிளின் 4.8 வினாடிக்கு வெகு முன்னால். வீட்டு எம்.சி.பி. அதைவிட விரைவாக அறுத்துவிடும் என்பதால், வீட்டுக் கோளாறுக்கு வாசல் பியூஸ் போகாது. அதிகச் சுமையைத் தடுக்க வீட்டு மெயினில் 25 ஆம்பியர் எம்.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். நீளமான கேபிளுக்கு எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். பியூஸ் பேஸ் ஒயரில் மட்டும் இருக்க வேண்டும், நியூட்ரலில் லிங்க்.

வாசல் பெட்டி சுடுகிறது, பிளாஸ்டிக் கருகிய வாடை

முனைகளைப் பாருங்கள். அலுமினியக் கம்பியை நேரடியாகப் பித்தளை டெர்மினலில் திருகியிருந்தால் அதுதான் காரணம். அலுமினியம் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கித் தளரும், மேலே ஆக்சைடு படியும், தடை ஏறும். பைமெட்டாலிக் லக் (அலுமினியமும் செம்பும் சேர்ந்த முனை) போட்டு, சரியான அச்சில் கிரிம்பிங் செய்து மாட்ட வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. நெகிழ் செம்பு ஒயருக்கு ஊசி போன்ற ‘பின்’ லக் போடுங்கள். டெர்மினலில் நுழையவில்லை என்று சில இழைகளை வெட்டி எறியும் பழக்கம் இருக்கிறது; வெட்டியிருந்தால் அந்த முனையையே புதிதாகச் செய்யுங்கள். கருகிய எம்.சி.பி.யைத் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள்.

வீட்டில் ஒன்றும் ஓடவில்லை, மீட்டர் ஓடுகிறது. மழைக்குப் பின் கூடுகிறது

வீட்டு மெயினை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் மீட்டரில் கண் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். வீடு முழுவதும் துண்டித்த பிறகும் சிமிட்டினால் மின்சாரம் கேபிளிலிருந்து மண்ணுக்குள் போகிறது. 5 ஆம்பியர் கசிவு என்றால் ஒரு நாளைக்கு 27 யூனிட்டுக்கு மேல். செலவு ஒருபுறம் இருக்கட்டும்; அந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு குழந்தைகள் நடக்கும் இடம் அது. கண்டுபிடிக்கும்வரை வாசலிலேயே நிறுத்திவையுங்கள்.

கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, 500 வோல்ட் மெகரால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளக்க வேண்டும். நல்ல கேபிள் நூற்றுக்கணக்கில் மெகாஓம் காட்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் கேபிள் கெட்டது. முதல் சந்தேகம் மண்ணுக்குள் இன்சுலேஷன் டேப் சுற்றிப் புதைத்த ஜாயின்ட் மீது. அடுத்து, அண்மையில் குழியோ வாய்க்காலோ தோண்டிய இடம். அடுத்து, எலி புகும் குழாய் வாய். நடுவில் ஜாயின்ட் இருந்தால் அங்கே பிரித்து இரண்டு பாதியையும் தனித்தனியாக அளந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். புதிய ஜாயின்ட்டை ரெசின் ஊற்றிய கிட் கொண்டு செய்யுங்கள். இயன்றால் ஜாயின்ட்டே இல்லாத முழு நீளக் கேபிளைப் போடுங்கள்.

கேபிளை மாற்றுவதானால் ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கேபிள் புதைப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1255 சொல்வது 75 சென்டிமீட்டர். கீழேயும் மேலேயும் மணல், அதன்மேல் செங்கல் வரிசை. ஆர்மர் இல்லாத ஒயரை வெறும் மண்ணில் புதைக்கவே கூடாது.

குழாயைத் தொட்டால் ஷாக், மோட்டார் உடலில் சுருக்கென்கிறது

தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பொதுவாகக் கம்பத்திலிருந்து வருவது பேஸும் நியூட்ரலும்தான். எர்த் என்பது நீங்கள் தோண்டிய குழி. அந்தக் குழியின் தடை 10 ஓம் இருந்தாலே நல்ல குழி என்பேன். மோட்டாரின் பேஸ் அதன் உடலைத் தொட்டால், லைன் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மண் வழியாகப் போகக்கூடியது 230-ஐ 10-ஆல் வகுத்த 23 ஆம்பியர். பி25 எம்.சி.பி. எத்தனை நாளானாலும் விழாது. குழி காய்ந்திருந்தால் இன்னும் குறையும். மோட்டார் உடல், இரும்புக் குழாய், எர்த் ஒயர் எல்லாமே மின்னேறி நிற்கும், ஒரு விளக்குகூட அணையாது.

இதைப் பிடிக்க, மண்ணுக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு அறுக்கும் ஆர்.சி.சி.பி.யைத் தவிர வேறு வழியில்லை. வீட்டு டி.பி.யில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஆர்மர்டு கேபிள் போட்டிருந்தால் வாசலிலும் ஒன்று வேண்டும். கேபிளுக்குள் பேஸ் போய் ஆர்மரைத் தொட்டால் வீட்டு ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது, ஆர்மரோடு இணைந்த எல்லா இரும்பும், அருகில் இருந்தால் வாசல் கேட் உட்பட, மின்னேறும். வாசலில் 100 மில்லி ஆம்பியர், தாமதமாக அறுக்கும் எஸ் வகை வையுங்கள். இரண்டு இடத்திலும் 30 வைத்தால் எது விழும் என்று சொல்ல முடியாது.

ஆர்.சி.சி.பி. அதிகச் சுமையையோ ஷார்ட்டையோ பார்க்காது. எனவே அது எம்.சி.பி.க்கும் பியூஸுக்கும் மாற்று ஆகாது, கூடுதல். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் மாற்றுங்கள்.

எதுவும் எரியவில்லை, ஆனால் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது

நியூட்ரல் அறுந்திருக்கிறது. பேஸ் ஏதோ ஒரு விளக்கு வழியாகத் திரும்பி நியூட்ரல் ஒயருக்கும் வந்து நிற்கிறது. வாசலில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 காட்டி வீட்டில் காட்டாவிட்டால் உங்கள் கேபிளில் கோளாறு. வாசலிலேயே காட்டாவிட்டால் மின்வாரியத்தில் சொல்லுங்கள். பழைய மெயின் ஸ்விட்சில் நியூட்ரலுக்கும் பியூஸ் கட்டியிருப்பார்கள். அது போயிருந்தாலும் இதே அறிகுறிதான். அந்தப் பியூஸை எடுத்துவிட்டுச் செம்பு லிங்க் போடச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு எர்த்தை நியூட்ரலாக இணைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். எர்த் குழி கொஞ்சம் காய்ந்தாலும் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றின் உடலும் ஒரே நேரத்தில் மின்னேறும். இதில் உயிர் போகும்.

மும்முனை இணைப்பு என்றால் வீடு இருளாது. சில விளக்குகள் மங்கும், சில அளவுக்கு மீறிப் பளிச்சிடும். ஒருமுனைச் சாதனங்களுக்கு 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடக்கூடும். அந்தக் கணமே மெயினை நிறுத்துங்கள்.

இடி மின்னலுக்குப் பிறகு டிவியும் இன்வெர்ட்டரும் போய்விடுகின்றன

எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ இதைத் தடுக்காது, மின்னலால் எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் எஸ்.பி.டி. வேண்டும். கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் வாசலில் ஒன்று மட்டும் போதாது, வீட்டு டி.பி.யிலும் ஒன்று வேண்டும். எர்த்துக்குப் போகும் அதன் ஒயர் அரை மீட்டருக்குள் நேராக இருக்கட்டும், சுருட்டி விடாதீர்கள். மெகர் சோதனைக்கு முன் எஸ்.பி.டி.யைக் கழற்ற மறக்கக் கூடாது.

எந்தக் கோளாறைச் சரிசெய்திருந்தாலும், மூடுவதற்கு முன் ஹீட்டர் சோதனையை மறுபடி செய்து, வாசல் வோல்ட், வீட்டு வோல்ட், ஆம்பியர், கேபிளின் நீளமும் கனமும், வாசல் பியூஸின் அளவு அல்லது எம்.சி.பி.யின் எழுத்தும் எண்ணும், மெகர் அளவு ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி டி.பி. கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கேபிள் போகும் பாதையையும் அதே தாளில் வரைந்துவிடுங்கள். அடுத்த முறை தோட்டத்தில் குழி தோண்ட வருபவருக்குக் காட்டலாம்.